பச்சைமலையில் ஒரு நாள்: நம் சரக்கு இறங்கி வரும் பாதை

கடையை ஒரு நாள் அடைப்பது என்றால் நம்மில் பலருக்கும் மனம் ஒப்பாது. வேலையாட்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. முதலாளிக்கு விடுமுறை தரத்தான் சட்டம் ஏதும் இல்லை! மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைக்கிறோம். அன்றைக்கும் மாநாட்டுப் பந்தலில் உட்கார்ந்துவிடுகிறோம். மற்றபடி கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்றால்தான் நம் கடைக் கதவுக்கு ஓய்வு. பிள்ளைகள் எங்கேயாவது கூட்டிப் போகச் சொன்னால் முக்கொம்புக்குப் போய்விட்டு, மாலை ஐந்து மணிக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம்.

அப்படிப்பட்ட நம் உறுப்பினர்கள் விடியற்காலை புறப்பட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு மலை இருக்கிறது. திருச்சியிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பச்சைமலை என்று பெயர். திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இம்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. உயரம் கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 1000 மீட்டர் வரை. ஊட்டிக் குளிர் கிடையாது, கம்பளி வேண்டாம். படகுத்துறை கிடையாது; வரிசையாக ஓட்டல்களும் கிடையாது. இவை இல்லாததே ஒரு சௌகரியம் என்பது என் அபிப்பிராயம்.

வன விலங்கு பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லும் முன் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. பச்சைமலை அந்தப் பட்டியலில் இல்லை. இது காப்புக்காடும் மலைக் கிராமங்களும் கலந்து கிடக்கும் இடம். யானைக் கூட்டம் பார்க்க வேண்டுமானால் முதுமலைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். இங்கே பார்க்க வேண்டியவை சிறிய ஜீவன்கள். அவற்றைப் பார்க்க வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். நாள் முழுவதும் வாடிக்கையாளரோடு பேசியே பிழைக்கும் நமக்கு இரண்டாவதுதான் கொஞ்சம் சிரமம்.

போகும் வழியே நம்மவர்களுக்குத் தெரிந்த வழிதான். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர் வண்டி. நம்பர் 1 டோல்கேட் தாண்டினால் மண்ணச்சநல்லூர். நம் கடைகளில் அடுக்கியிருக்கும் பொன்னி மூட்டைகள் எத்தனையோ இந்த ஊர் ஆலைகளிலிருந்து வந்தவை. அடுத்து திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலைச் சேவிப்பவர்கள், அருகிலிருக்கும் ஸ்வஸ்திக வடிவக் கிணற்றையும் பார்த்துவிட்டுப் போங்கள். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டியது. ஆயிரத்து இருநூறு வருஷம் ஆகியும் படிகள் ஒழுங்காக நிற்கின்றன. பிறகு புலிவலம், துறையூர். துறையூரில் டிபன் சாப்பிட்டுவிடுவது நல்லது, மேலே போனால் நினைத்த நேரத்தில் கிடைக்காது. அங்கிருந்து உப்பிலியபுரம், சோபனபுரம். சோபனபுரத்தைத் தாண்டினால் மலைப்பாதை ஏறும். ஏறி முடிந்தால் டாப் செங்காட்டுப்பட்டி. 'மேல்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'டாப்' என்ற ஆங்கிலச் சொல் எப்படியோ ஒட்டிக்கொண்டு, இப்போது பேருந்துப் பலகையிலும் அதுவே நிலைத்துவிட்டது. துறையூரிலிருந்து இவ்வூருக்குப் பேருந்து உண்டு. ஆனால் நம் அவசரத்துக்கு ஓடாது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்வது உத்தமம்.

மலைப்பாதையில் முதலில் வரவேற்பவை குரங்குகள். நாட்டுக் குரங்குகள்தான், நம் மலைக்கோட்டையில் இருப்பவற்றின் சொந்தக்காரர்கள். இவற்றுக்குப் பொரி, வாழைப்பழம், பிஸ்கட் எதையும் போடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துப் போடுகிறார்கள்; அதனால் அவை காட்டில் இரை தேடுவதை விட்டுவிட்டுச் சாலையோரம் வந்து உட்கார்ந்து, வண்டியில் அடிபடுகின்றன. மயிலும் காட்டுக்கோழியும் காலை வெயில் ஏறும் முன் சாலை ஓரத்தில் மேயும். முயல், கீரி கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். காட்டுப்பன்றி இரவில் வருவது. பகலில் அது கிளறிப்போட்ட மரவள்ளித் தோட்டத்தைத்தான் பார்க்கலாம். இந்தப் பன்றியால் மலைக்காரர் படும் பாடு கொஞ்சமல்ல. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு விதி செய்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம், 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. காட்டை ஒட்டியே வீடும் காடும் வைத்திருப்பவருக்கு இது எப்படி உதவும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

பறவைகளுக்கு நேரம் காலை ஆறு முதல் ஒன்பது. ஆறுமணிக்குருவி என்று ஒன்று உண்டு. விடிகாலை ஆறு மணிக்கும் அந்தி ஆறு மணிக்கும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். நாம் கடை திறக்கும் நேரம். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து தென்னாட்டுக் காடுகளுக்கு வலசை வரும் பறவை அது. நீளமான வெள்ளை வால் வைத்த அரசவால் ஈபிடிப்பானும் குளிர்காலத்து விருந்தாளியே. 'டொக் டொக்' என்று தாமிரப் பாத்திரம் தட்டுவது போல் ஓசை கேட்டால் பட்டறையைத் தேடாதீர்கள். ஆலமரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும் குக்குறுவான் பறவை அது.

ஆனால் பச்சைமலையில் எனக்கு மிகவும் பிடித்தவை வண்ணத்துப்பூச்சிகள். மழைக்குப் பின் ஓடை ஓரத்து ஈர மண்ணில் கும்பலாக உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். தமிழில் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் நம் கடைக்குள் நிற்பது போலவே இருக்கும். வெந்தய நிறத்தில் இருப்பது வெந்தய வரியன். எலுமிச்சைச் செடியில் முட்டையிடுவது எலுமிச்சை அழகி. கறிவேப்பிலையைத் தின்று வளர்வது கறிவேப்பிலை அழகி. இன்னும் சீரகமும் சோம்பும்தான் பாக்கி! நீல வரியன் என்ற ஒன்று, பருவமழையை ஒட்டி ஆயிரக்கணக்கில் திரண்டு மேற்கு மலைத் தொடருக்கும் கிழக்கு மலைகளுக்கும் இடையே பயணம் போகும். தமிழ் மறவன் என்ற வண்ணத்துப்பூச்சியை 2019-இல் அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. இவற்றையெல்லாம் முன்கூட்டியே பிள்ளைகளுக்கு அடையாளம் காட்ட விரும்பினால், ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். அங்கே பெயர் கற்றுக்கொண்டு மலைக்கு வந்தால், பிள்ளைகள் நமக்கே பாடம் நடத்துவார்கள்.

மலையில் குடியிருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர் என்பதே பொருள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வம்சம் தாங்கள் என்பது வழிவழியாக அவர்கள் சொல்லி வரும் கதை. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகிய மலைகளில் பரவி வாழ்கிறார்கள். இவர்கள் விளைவிப்பதும் பொறுக்குவதும்தான் நம் கடைக்கு வந்து சேர்கிறது. நம் சங்க உறுப்பினர்கள் பச்சைமலைக்குப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அருவியைவிட இதுவே பெரிய காரணம்.

முதலில் மரவள்ளி. செம்மண் சரிவெங்கும் அதுதான். ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்பதே ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு வகைப் பனையின் சோற்றிலிருந்து எடுத்து, கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றபோது, சேலத்துக்காரர்கள் 1940-களில் மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து அதேபோல் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு ஏற்பட்டது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பச்சைமலைக் கிழங்கும் ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குத்தான் இறங்குகிறது. பத்து மாதம் பன்றிக்கும் மழைக்கும் தப்பி வளரும் கிழங்குக்கு, ஆலை வாசலில் மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்து விலை போடுகிறார்கள். ஒரு கிலோ ஜவ்வரிசிக்கு நாலைந்து கிலோ கிழங்கு தேவை. பாயாசத்துக்கு நூறு கிராம் கட்டிக் கொடுக்கும்போது இதெல்லாம் நமக்கு எங்கே நினைவு வரப்போகிறது?

முந்திரியும் உண்டு. பங்குனி, சித்திரையில் போனால் மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கும் வாசனை தூக்கும். நாலு கிலோ கொட்டை உடைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ பருப்பு. கொட்டையைப் பிள்ளைகள் பல்லால் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் உதட்டைப் பொசுக்கிவிடும். பலா வைகாசி, ஆனியில்.

புளியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் சந்தைக்கு ஜகதல்பூர், தும்கூர், தர்மபுரி என்று பல ஊர்ப் புளி வருகிறது. மலைப்புளி அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் பக்கத்து மலையில் உலுக்கும் இடத்திலேயே நின்று பார்க்கலாம் என்பது பெரிய வாய்ப்பு. தை கடைசியிலிருந்து பங்குனி வரை பருவம். ஆண்கள் மரம் ஏறி உலுக்குவார்கள். பெண்கள் பொறுக்கி, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டுவார்கள். நூறு கிலோ பழத்தில் ஏறக்குறைய 55 கிலோ சதை, 34 கிலோ கொட்டை, மீதி ஓடும் நாரும். கொட்டையும் வீணில்லை, அதன் பருப்பு மாவு நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. ஒரு வருஷம் குலுங்கக் காய்த்த மரம் மறு வருஷம் ஏமாற்றும். நம் கடையில் விலை ஏறி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். உலர்ந்த புளிக்கு 2019 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பதும் நம்மவர்கள் அறிந்ததே.

சென்ற பருவத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மூட்டைக்கு எவ்வளவு கழிக்கிறாங்க பாட்டி?"

"ரெண்டு கிலோ கழிப்பாங்கய்யா. சாக்குக்கு ஒண்ணு, தூசிக்கு ஒண்ணு. ஈரமா இருந்தா இன்னும் ஒண்ணு."

"ஈரம் இருக்கான்னு யாரு பார்க்கறது?"

"வாங்குறவருதான் பார்ப்பாரு. ஐப்பசியிலயே முன்பணம் வாங்கிட்டோம். நான் என்ன பேச முடியும்?"

ஒரு வெறும் சணல் சாக்கு என்ன எடை என்பது நமக்குத் தெரியும். அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். முன்பணம் கொடுப்பதில் தவறில்லை. மழைக்கால மாதங்களில் கையில் காசில்லாத குடும்பத்துக்கு அது உதவிதான், நம் வியாபாரமே கடனிலும் நம்பிக்கையிலும் ஓடுவதுதான். ஆனால் வட்டியை வட்டி என்று சொல்லாமல் சாக்கு, தூசி, ஈரம் என்று எடையில் கழிப்பது வியாபாரம் ஆகாது. மண்டியில் நம் மூட்டைக்கு ஒருவர் இப்படிக் கழித்தால் சங்கத்துக்கு ஓடி வருகிறோம் அல்லவா? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் பொறுக்கும் சிறு வனப்பொருள் மீது பழங்குடியினருக்கே உரிமை கொடுத்திருக்கிறது. சிறு வனப்பொருள்களுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தில் தொடக்கத்திலிருந்தே புளியும் இருக்கிறது. சட்டம் இருந்தும், தராசு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே கணக்கு என்ற நிலை மாறவில்லை. நம்மில் நாலு பேர் சேர்ந்து, எலெக்ட்ரானிக் தராசோடு நேரில் போய், மகளிர் குழுக்களிடம் கொட்டை தட்டிய புளியாகவே வாங்கினால் அவர்களுக்குக் கூலி மலையிலேயே நிற்கும். நமக்கும் கல், மண், பழைய புளி கலக்காத சரக்கு கிடைக்கும். வேன் வாடகை கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும்தான். ஒரு டன்னுக்குக் குறைந்தால் கட்டாது என்பது என் கணக்கு.

இது மலையிலிருந்து இறங்கும் சரக்கு. ஏறும் சரக்கும் ஒன்று உண்டு. மலைக் கிராமத்துப் பெட்டிக்கடை வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். தோரணம் தோரணமாக ஷாம்பு, பாக்கு, காப்பித்தூள், தேங்காய் எண்ணெய், மசாலா, சிப்ஸ். எல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள். லிட்டர் பாட்டில் ஏன் வைக்கவில்லை என்று கடைக்கார அம்மாவைக் கேட்டேன். "கூலி அன்னன்னைக்கு வருது. சாமானும் அன்னன்னைக்குத்தான் வாங்குவாங்க. லிட்டரு வச்சா தூசிதான் துடைக்கணும்" என்றார். நம் டவுன் கடை வாடிக்கையாளர் பாதிப் பேர் கதையும் இதுதான். சொல்லப்போனால் ஷாம்புப் பொட்டலம் என்பதே நம் கடலூர்க்காரர்கள் 1970-களில் உலகத்துக்குக் காட்டிய வியாபார உத்தி.

அந்தப் பொட்டலங்கள் பிறகு எங்கே போகின்றன என்பதை மங்களம் அருவிப் பாதையில் பார்க்கலாம். டாப் செங்காட்டுப்பட்டிப் பக்கத்திலிருக்கும் இந்த அருவிக்கு மழைக்காலத்தில்தான் தண்ணீர். ஐப்பசி முதல் மார்கழி வரை போங்கள். சித்திரையில் போனால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் கோரையாறு, மயிலூற்று அருவிகள் உண்டு, ஒரே நாளில் இரண்டு பக்கமும் முடியாது. அருவித் தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை. அதன் ஓரத்தில்தான் நம் சரக்கு கிடக்கிறது. பல அடுக்குப் பிளாஸ்டிக்கில் செய்த இந்த உறைகளைப் பழைய பேப்பர்க்காரர்கூட எடுக்கமாட்டார். உப்பு, எண்ணெய் வாசனைக்குக் குரங்கும் மாடும் சேர்த்து விழுங்குகின்றன.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கேரி பேக் வைத்திருந்தால் நம்மிடம் அபராதம் வாங்குகிறார்கள். கம்பெனி சீல் வைத்து அனுப்பும் பொட்டலத்தை அச்சடித்தவரைத் தேடி யாரும் போவதில்லை என்பது நம் நெடுநாள் மனக்குறை. குறை நியாயமானதே. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள், தன் உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதே வைக்கின்றன. வேன் நிறையப் பொட்டலம் ஏற்றிக்கொண்டு மலைக்கு வரும் விநியோகஸ்தர், காலி வேனாகத்தானே இறங்குகிறார்? காலி உறைகளைச் சாக்கில் கட்டி அதே வண்டியில் இறக்க வழி செய்யுங்கள் என்று கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளிடம் நம் சங்கம் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சம் தேவையில்லை, சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அதுவரை, சுற்றுலா போகும் நாம் கொண்டுபோனதை நாமே திருப்பிக் கொண்டு வந்துவிடலாம். புளியோதரையும் தயிர்சாதமும் வாழையிலையில் கட்டிக்கொண்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

போவதற்கு நல்ல காலம் புரட்டாசி முதல் மாசி வரை. மாசிக்குப் பின் காடு காய்ந்துவிடும். ஒரு பீடித் துண்டு போதும். புகைப்பவர்கள் அன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். அருவிப் பாறைகளில் பாசி வழுக்கும். குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். மதுப் பாட்டிலோடு வரும் கூட்டத்தை வனத்துறை திருப்பி அனுப்பினால் அவர்கள் பக்கமே நியாயம். வழியோரத்தில் 'மலைத்தேன்' என்று விற்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம், சர்க்கரைப் பாகு நம்மை முந்திக்கொண்டு மலையேறிவிட்டது. சாமை, தினை கிடைத்தால் வாங்குங்கள். அரிசியைவிட மலிவாக இருந்த காலம் போய், இன்று நம் கடையிலேயே அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறோம். விளைவிப்பவரிடம் அதற்கேற்ற விலையைக் கொடுத்து வாங்குவதுதான் முறை.

மாலை ஐந்து மணிக்கு இறங்கத் தொடங்கிவிடுங்கள். வளைவுகளில் இருட்டியபின் ஓட்டுவது பழக்கமில்லாத டிரைவருக்குச் சிரமம். இரவு எட்டு, எட்டரைக்குள் சத்திரம் வந்துவிடலாம். வாங்கி வந்த சாமையை இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே டப்பாவில் கொட்டுங்கள். மலைச் சரக்கில் ஈரம் இருக்கும், அப்படியே மூடி வைத்தால் வண்டு விழுந்துவிடும்.